இருநூற்றுப் பதினான்கு விடைத்தாள்கள்

மார்ச் 3

ஓஸ்கர் விலகிவிட்டார். மூன்று வரி மின்னஞ்சல். உடம்பு முடியவில்லை, கணினியைப் பார்த்தாலே கை நடுங்குகிறது, மேக்ரோ வேலையை இனி வடிவு பார்த்துக்கொள்வார் என்று குழு முழுவதற்கும் எழுதிவிட்டு, நார்வேயில் ஆடு வளர்க்கிற அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். பார்த்துக்கொள்கிறேன் என்று நான் சொல்லவே இல்லை.

மூன்று வருட வேலை. அதைப் பற்றி ஒரு துண்டுக் குறிப்புகூட எழுதி வைக்கவில்லை மனிதர். எதை ஏன் இப்படிச் செய்தார், எதைச் செய்து பார்த்துக் கைவிட்டார் எல்லாம் அவர் மண்டைக்குள் இருந்தது, மண்டையோடு போய்விட்டது. அதனால்தான் இந்த நோட்டு. எனக்குப் பின்னால் வருகிறவருக்கு நான் இந்தக் கொடுமையைச் செய்ய மாட்டேன். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

என் கணவர் சண்முகவேல் ரயில்வே பார்சல் அலுவலகத்தில் இருக்கிறார். மதியம் சாப்பிட வந்தவர், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் அளவுக்கு அது என்ன சாமான் என்று கேட்டார். சொன்னேன். ஓரின் என்கிற மொழியில் ஆட்கள் நிரல் எழுதுகிறார்கள். அதைக் கணினிக்குப் புரிகிறபடி மாற்றிக் கொடுப்பது கம்பைலர். உலகம் முழுக்கப் பதினேழு பேர் அந்தக் கம்பைலரைப் பார்த்துக்கொள்கிறோம், நான் பாளையங்கோட்டையில் இந்த மாடி அறையிலிருந்து. ஒரே மாதிரி வரிகளைத் திரும்பத் திரும்ப எழுதுகிறவர்களுக்காக மேக்ரோ என்று ஒரு வசதி செய்கிறோம். முறுக்கு அச்சு மாதிரி. அச்சை ஒரு தடவை செய்து வைத்துக்கொண்டால் போதும், மாவைப் போட்டதும் மீதி வரிகளைக் கம்பைலரே பிழிந்துவிடும். இப்போது அதற்குப் பூட்டுப் போட்டிருக்கிறது. ‘இது சோதனையில் இருப்பது தெரிந்தே பயன்படுத்துகிறேன்’ என்று ஒரு வரி எழுதினால்தான் திறக்கும். அந்தப் பூட்டை எடுக்க வேண்டும். நிலைப்படுத்துவது என்று அதற்குப் பெயர். எடுத்த பிறகு மாற்றக் கூடாது. இன்று எழுதிய நிரல் இருபது வருடம் கழித்தும் இதே மாதிரி ஓடும் என்று வாக்குக் கொடுக்கிறோம்.

“அப்பம் தப்பா இருந்தா?” என்றார்.

அந்தத் தப்பும் இருபது வருடம் ஓடும் என்றேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

மார்ச் 5

ஓரினின் புதிய பதிப்பு மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். இந்த முறை ஏப்ரல் 24. மேக்ரோ அதற்குள் நிலைப்பட வேண்டும், இல்லையென்றால் இன்னும் மூன்று வருடம். எனக்கு அப்போது நாற்பத்து நாலு ஆகியிருக்கும்.

பதினோரு வருடமாக அடுத்தவர்கள் கொண்டுவந்த வசதிகளில் ஓட்டை அடைத்துக்கொண்டிருக்கிறேன். பதிப்பு வெளியாகும்போது ஒவ்வொரு வசதிக்கும் பக்கத்தில், இதைக் கொண்டுவந்தவர் என்று ஒரு பெயர் போடுவார்கள். ஒரு தடவை அதில் என் பெயர் வர வேண்டும். ஆசை என்றே எழுதிவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள்.

தண்ணீர் மோட்டார் மறுபடியும் உறுமுகிறது. ஆள் நாளைக்கு வருவாராம்.

மார்ச் 9, ஞாயிறு

மேக்ரோவுக்குள் மேக்ரோ போட்டால் கம்பைலர் அதை விரிக்கும் விதத்தைத் திருத்தினேன். கூடவே பிழைச் செய்திகளில் ஒரு சொல்லை மாற்றினேன். உடனே 214 சோதனைகள் சிவப்பு.

பின்னால் வருகிறவருக்காக: எங்கள் சோதனை ஒவ்வொன்றும் ஒரு குட்டி நிரல். அது என்ன அச்சிட வேண்டும் என்கிற விடைத்தாள் பக்கத்திலேயே தனிக் கோப்பாக இருக்கும். வந்தது விடைத்தாளோடு ஒத்துப்போகவில்லை என்றால் சிவப்பு. மாற்றம் நாமே செய்ததுதான் என்றால் விடைத்தாளைத் திருத்த வேண்டும். 214-ஐக் கையால் திருத்த யாராலும் ஆகாது. அதற்கு ‘ஏற்றுக்கொள்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. அடித்தால், கம்பைலர் இப்போது என்ன சொல்கிறதோ அதையே சரியான விடை என்று எல்லாத் தாளிலும் எழுதிவிடும். மாறியதை ஒவ்வொன்றாக வாசித்துப் பார்ப்பது அடித்தவர் பொறுப்பு.

அடித்தேன். 214-ம் பச்சை. எல்லாவற்றையும் பார்த்தேன்.

பிறகு சங்கரன்கோவிலில் இவருடைய அக்கா மகளுக்கு வளைகாப்பு. ஏழு வகைச் சாதத்தில் புளியோதரை மட்டும் வாயில் வைக்கிற மாதிரி இருந்தது.

மார்ச் 15

நிலைப்படுத்தும் அறிக்கையைக் குழுவின் முன் வைத்தேன். பதினான்கு பக்கம். என்ன வசதி, என்ன சோதித்தோம், என்ன தெரிந்த குறைகள் என்று எல்லாம். ஐந்தாம் பக்கத்தில், மார்ச் 9 மாற்றத்தால் மாறிய 214 விடைத்தாள்களும் தனித்தனியே வாசித்துச் சரிபார்க்கப்பட்டன என்று ஒரு வாக்கியம். குழுத் தலைவி மிலேனா பிராக்கிலிருந்து எழுதினாள், இவ்வளவு ஒழுங்கான அறிக்கையைச் சமீபத்தில் பார்த்ததில்லை என்று. அவள் சும்மா புகழுகிற ரகமில்லை. மூன்று தடவை வாசித்தேன்.

மார்ச் 22

பொதுவில் கிடைக்கிற ஓரின் நிரல்கள் பன்னிரண்டாயிரத்தையும் புதுக் கம்பைலரில் போட்டுப் பார்க்கும் பெரிய ஓட்டம் நான்கு நாளாக ஓடி முடிந்தது. இரண்டே இரண்டு விழுந்தன, இரண்டும் எங்களால் அல்ல. அந்த ஓட்டம் நிரல் உருவாகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். உருவான நிரல் ஓடும்போது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்காது. அது சோதனைகளின் வேலை.

மோட்டார்க்காரர் வந்தார். பேரிங் போய்விட்டதாம். மாற்றினார்.

மார்ச் 30

இன்று ஒரு மின்னஞ்சல், தமிழில். பதினோரு வருடத்தில் இந்த வேலை தொடர்பாக எனக்குத் தமிழில் வந்த முதல் கடிதம்.

மாரிக்கனி, கோவில்பட்டி. இருபத்தேழு வயது. தோழி ஒருத்தியோடு சேர்ந்து ஒரு பெட்டி செய்திருக்கிறாள். ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியில் மாட்டினால் அளவாகக் குளோரின் மருந்து விடும். அதன் நிரல் முழுக்க ஓரின், அதிலும் நம் மேக்ரோ. நல்லமுத்தன்பட்டி என்கிற ஊரில் மட்டும் ஒரு பெட்டி பரீட்சைக்கு ஓடுகிறது. சோதனைநிலை வசதிகளைப் பயன்படுத்திய சாமானை மற்ற ஊர்களில் வாங்க மாட்டார்களாம். எனவே மேக்ரோ எப்போது நிலைப்படும் என்று கேட்டிருந்தாள். அறிக்கையில் என் பெயரைப் பார்த்து, வடிவு என்றால் நம்ம பக்கத்து ஆளாகத்தான் இருக்கும் என்று தேடிப் பிடித்திருக்கிறாள். கடைசி வரி: “எங்க பொட்டிக்குள்ள ஓடுறது நம்ம ஊரு அக்கா செஞ்சதுன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்.”

இவரிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பதிப்புக்கு முன்னோட்டமாக நேற்று புதுக் கம்பைலர் வந்திருக்கிறது, அதைப் போட்டுக்கொள் என்று அவளுக்கு எழுதினேன்.

ஏப்ரல் 9

பத்து நாள் கடிகாரம் இன்று தொடங்கியது. எங்கள் வழக்கம் இது. குழுவில் எல்லோரும் அறிக்கையை வாசித்துத் தத்தம் பெயருக்கு நேரே ஒரு டிக் போட வேண்டும். போட்டதும் பத்து நாள் காத்திருப்பு. அதற்குள் யாரும், குழுவில் இல்லாதவர்கூட, ஓர் ஆட்சேபணை எழுதலாம். எழுதினால் கடிகாரம் நிற்கும். தீர்த்த பிறகு மறுபடி முதலிலிருந்து பத்து நாள். யாரும் எழுதாவிட்டால் 19-ஆம் தேதி பூட்டு தானாகவே கழன்றுவிடும்.

அதுவரை ஒருத்தரும் எதுவும் சொல்லக் கூடாது என்று இருக்கிறது. இப்படி நினைப்பதற்கா அந்த வழக்கத்தை வைத்தோம் என்றும் இருக்கிறது.

ஏப்ரல் 11

மாரிக்கனியிடமிருந்து: “அக்கா, வால்வு ரெண்டு தடவ டிக் டிக்குனு கேக்கு. நான் ஒரு தடவதான் தொறக்கச் சொல்லிருக்கேன். புது கம்பைலர் போட்டதுல இருந்துதான் இப்டி. என் தப்பா, இல்ல அங்கயா?”

மருந்து விடுவதற்கு ஒரு மேக்ரோ, விட்டதைக் குறித்து வைக்க அதற்கு மேல் இன்னொரு மேக்ரோ என்று எழுதியிருந்தாள். மேக்ரோவுக்குள் மேக்ரோ.

பத்து நிமிடத்தில் பதில் போட்டேன். கம்பைலரில் நாலாயிரம் சோதனைகள் ஓடுகின்றன, எல்லாம் பச்சை. உன் நிரலில் எங்கோ இரண்டு இடத்தில் அழைத்திருப்பாய், பொறுமையாகத் தேடு என்று. அன்பாகத்தான் எழுதினேன்.

மாலையில் அலமாரியில் உள்ள பழைய வயர்களை எல்லாம் எடுத்துப் பிரித்து, சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு அடுக்கினேன். ரொம்ப நாளாகச் செய்ய வேண்டிய வேலை.

ஏப்ரல் 12

இவருக்குத் திடீரென்று என் அறிக்கை மேல் பாசம். அலுவலகத்தில் சொல்ல வேண்டுமாம், தமிழில் கொஞ்சம் சொல்லு என்றார். சொல்லிக்கொண்டு வந்தேன். ஐந்தாம் பக்கத்தில் நிறுத்தினார்.

“எரநூத்திப் பதினாலையுமா? அது வளகாப்பு அன்னிக்கில்லா? பத்தரைக்கெல்லாம் கெளம்பிட்டோமே. எப்பம் வாசிச்ச?”

கேலியில்லை, குத்தலில்லை. ஆச்சரியம்தான். என் பெண்டாட்டி எவ்வளவு வேகம் பார் என்கிற பெருமை. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. உங்களுக்கு இதைப் பற்றி என்ன தெரியும், பார்சல் மூட்டையை எண்ணுகிற மாதிரியா இது என்று கத்திவிட்டேன். எழுந்து போய்ச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டார். என்னுடைய இரண்டு சுடிதாரையும் சேர்த்துப் போட்டு வைத்திருந்தார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. எனக்கு வேலை அழுத்தம்.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூ கூடிப்போய்விட்டது.

ஏப்ரல் 15

மாரிக்கனியின் மூன்றாவது கடிதம். இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

நல்லமுத்தன்பட்டியில் பத்து நாளாகவே தண்ணீரில் மருந்து வாடை. மாரிக்கனி அளவைக் குறைத்துப் பார்த்திருக்கிறாள். பிறகு வால்வு அடைத்துக்கொண்டதால் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டும்போது அளவு பழையபடி ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஆறு பிள்ளைகள் வாந்தி எடுத்திருக்கிறார்கள். சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோய், சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். இப்போது ஒன்றுமில்லை. பெட்டியைக் கழற்றி ஊராட்சி அலுவலகத்துத் தரையில் வைத்துவிட்டார்கள். என்ன நடந்தது என்று கேட்டதற்கு, என் கவனக்குறைவுதான் என்று மாரிக்கனி அங்கே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இனி அந்த வட்டாரத்தில் எந்த ஊரிலும் அவளை வாசலில் ஏற்ற மாட்டார்கள்.

என்னைக் குறை சொல்லி ஒரு சொல் இல்லை. “நீங்க சொன்ன பெறகு என் தப்புன்னுதான் தோணிச்சு. எங்கன்னு மட்டும் இன்னும் ஆப்டல அக்கா.”

ஏப்ரல் 16

காலையில் கணினியைத் திறந்து, மேக்ரோவுக்குள் மேக்ரோ போடும் சோதனைகளைத் தேடினேன். தேடினேன் என்று ஏன் எழுதுகிறேன். எந்தக் கோப்பு என்று எனக்குத் தெரியும்.

விடைத்தாளில் மார்ச் 9-க்கு முன்பு ஒரே ஒரு வரி: ‘செய்தேன்’. மார்ச் 9-க்குப் பிறகு இரண்டு வரி: ‘செய்தேன்’, ‘செய்தேன்’. என் திருத்தம், உள்ளே இருக்கிற மேக்ரோவை இரண்டு முறை விரித்துவிடுகிறது. ஒரு தடவை செய் என்றால் இரண்டு தடவை செய்கிறது. சோதனை அதைச் சரியாகப் பிடித்துச் சிவப்புக் காட்டியிருக்கிறது. நான் ‘ஏற்றுக்கொள்’ அடித்து, இரண்டு தடவைதான் சரி என்று விடைத்தாளில் எழுத வைத்துவிட்டேன். அன்றிலிருந்து, இரண்டு தடவை செய்தால்தான் பச்சை.

பிறகு, இதுவரை திறந்தே பார்க்காத, அந்தச் சோதனையின் நிரல் கோப்பைத் திறந்தேன். அதன் தலைப்பில் ஓஸ்கர் எழுதிய குறிப்பு இருந்தது. ‘இங்கே ஒரு வரிதான் வர வேண்டும். நானே ஒருமுறை இதில் விழுந்து மூன்று வாரம் தேடினேன். இரண்டு வரி வந்தால், தயவுசெய்து, நிறுத்துங்கள்.’

ஒரு துண்டுக் குறிப்புகூட வைக்கவில்லை என்று இந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இருக்க வேண்டிய இடத்தில்தான் வைத்திருந்தார், அந்த மனிதர்.

மார்ச் 9 அன்று பாதிக்கு மேல் பார்த்தேன். மீதி எல்லாம் அந்த ஒரு சொல் மாற்றம்தான் என்று நினைத்துவிட்டேன்.

ஏப்ரல் 17

வேலை செய்யவில்லை. தலையணை உறைகள், திரைச்சீலை, கால்மிதி எல்லாவற்றையும் துவைத்தேன். கொடியில் இடம் இல்லாமல் மாடிக் கைப்பிடிச் சுவரிலும் போட்டேன். 19-ஆம் தேதி கழிந்தால் பூட்டு கழன்றுவிடும். 24-இல் பதிப்பு. அதன் பிறகு அடுத்த சின்ன வெளியீட்டில், ‘ஒரு பிழை திருத்தப்பட்டது’ என்று ஒற்றை வரியில் சரிசெய்துவிடலாம். பிழை திருத்தம் வாக்கை மீறுவது ஆகாது. எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள். மாரிக்கனிக்கும் ரகசியமாகச் சொல்லிவிடலாம். இப்படி எல்லாம் துவைத்துக்கொண்டே யோசித்தேன். நோட்டில் அவள் எழுதினது மட்டும் யோசனைக்குள் வந்து வந்து நின்றது.

பாதிக்கு மேல் என்று நேற்று எழுதியது பொய். அடித்துத் திருத்தாமல் இங்கேயே எழுதுகிறேன். பத்து மணிக்கு ‘ஏற்றுக்கொள்’ அடித்தேன். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றபடியே திரையை உருட்டினேன். நான்கு நிமிடம் இருக்கும். எல்லாக் கோப்பிலும் ஒரு சொல் மாறியிருந்தது. ஒன்றில் மட்டும் ஒரு வரி கூடியிருந்தது. அதைப் பார்த்தேன். கை நின்றது. இவர் கீழேயிருந்து ஹாரன் அடித்தார். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அதைத் தாண்டி உருட்டிவிட்டேன். வந்து பார்க்கவில்லை. ஆறு நாள் கழித்து அறிக்கையில் அந்த வாக்கியத்தை எழுதும்போது அது நினைவில் இருந்தது.

நினைவில் இருந்தது. மாரிக்கனி ‘ரெண்டு தடவ டிக் டிக்’ என்று எழுதியபோதும் இருந்தது.

ஏப்ரல் 18

காலையில் எட்டரை மணிக்கு இவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஹாரன் விஷயத்தையும் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை, அதுவே நல்லதாக இருந்தது. “அந்தப் புள்ளைக்கு மொதல்ல எழுது” என்றார். அவ்வளவுதான்.

மாரிக்கனிக்கு எழுதினேன். தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது, நீ கேட்ட அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் இருந்தது என்று எழுதினேன்.

பிறகு என் அறிக்கையின் மேலேயே ஆட்சேபணைப் படிவத்தை நிரப்பினேன். என்ன குறை: உள் மேக்ரோ இருமுறை நிகழ்கிறது. எப்படி நுழைந்தது: மார்ச் 9 அன்று என்னால். கண்டுபிடித்தவர்: மாரிக்கனி, கோவில்பட்டி. கீழே, ஐந்தாம் பக்கத்து வாக்கியம் உண்மையல்ல, விடைத்தாள்களை நான் வாசிக்கவில்லை என்று சேர்த்தேன். அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினேன்.

கடிகாரம் நின்றுவிட்டது. ஒன்பதாம் நாள்.

ஏப்ரல் 19

மிலேனாவின் பதில் நீளமில்லை. ‘அந்த வாக்கியத்தை நம்பித்தான் நான் கோப்புகளைத் திறக்கவில்லை’ என்று எழுதியிருந்தாள். அவளுக்குக் கீழே மேலும் நாலு பேர், நானும், நானும் என்று. திட்டியிருந்தால் தேவலை.

புதிய ஆட்சேபணை, புதிய பத்து நாள். இன்றே சரிசெய்தாலும் 24-க்கு முடியாது. மேக்ரோ இந்தப் பதிப்பில் இல்லை. இனி ஒரு வருடத்துக்கு நான் செய்கிற எந்த மாற்றத்தையும் இரண்டு பேர் வாசித்த பிறகுதான் சேர்ப்பது என்றும் முடிவு. நியாயம். அழுகை வந்தது. பெயர் போச்சே என்றுதான் வந்தது, பிள்ளைகளுக்காக இல்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 20

மாரிக்கனி இரண்டு நாளாகப் பதில் போடவில்லை. இன்று போட்டாள். “நோட்டுல நான் எழுதினத யாரு அழிப்பா?”

ஏப்ரல் 22

காலைப் பேருந்தில் கோவில்பட்டி. மாரிக்கனி ஸ்கூட்டரோடு நின்றாள். நான் நினைத்ததைவிடக் குட்டை, குரல் மட்டும் பெரியது. அக்கா என்று கூப்பிடவில்லை, வாங்க என்றாள். ஹெல்மெட்டை நீட்டினாள். இருபது நிமிடப் பயணம்.

நல்லமுத்தன்பட்டி ஊராட்சி அலுவலகத்தில் அந்தப் பெட்டி மேசைக்கு அடியில், துடைப்பத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. தலைவர் சீனியம்மாள், ஐம்பது வயது இருக்கும். கணவரை முன்னால் விட்டுப் பேசவைக்கிற தலைவர் இல்லை, அவரே உட்கார்ந்திருந்தார். யார் என்று கேட்டார். கம்பைலர், மேக்ரோ என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“அதெல்லாம் எனக்கு வேணாம்மா. தப்பு யாரு பேருல? அதச் சொல்லுங்க.”

“என் பேர்ல” என்றேன்.

“இந்தப் பொண்ணு தம் பேருலன்னு எழுதியிருக்காளே?”

“நான் தப்பாச் சொன்னேன். அவ நம்பிட்டா.”

சீனியம்மாள், வாந்தி எடுத்த ஆறு பேரில் ஒன்று என் தங்கச்சி மகள் என்றார். தலையைக் குனிந்துகொண்டேன். அப்புறம் நோட்டை எடுத்து மாரிக்கனியின் எழுத்துக்குக் கீழே திருப்பிவைத்தார். எழுதினேன். என் பெயர், கணவர் பெயர், பாளையங்கோட்டை முகவரி. பெட்டிக்குள் இருக்கும் நிரலை மாற்றித் தருகிற கருவியில் நான் செய்த பிழையால் மருந்து இரண்டு மடங்கு விழுந்தது. மாரிக்கனி ஒழுங்காகத்தான் செய்திருந்தார். அவர் என்னிடம் கேட்டபோது, சரிபார்க்காமலே அவர் தப்பு என்று சொன்னேன். அதற்கும் நானே பொறுப்பு.

கையெழுத்துப் போட்டுவிட்டு, தலைவர் கையெழுத்துக்காக நோட்டை நகர்த்தினேன். அவர் பேனாவை எடுக்கவில்லை.

“கண்ணாடி கொண்டாரல. வாசிங்க. வாசிக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போடுறதில்ல.”

வாசித்தேன். வாசலில் நாலைந்து பேர் வந்து நின்றிருந்தார்கள். ‘சரிபார்க்காமலே’ என்ற இடத்தில் இருமல் வந்தது. மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அதன் பிறகு போட்டார்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் மாரிக்கனி கேட்டாள், சரிசெய்த கம்பைலர் எப்போது கிடைக்கும் என்று. கம்பைலரைத் திருத்தியாயிற்று, ஆனால் மீதி 213 விடைத்தாள் இருக்கிறது, அதை வாசிக்காமல் உனக்கு எதையும் தர மாட்டேன் என்றேன். “எத்தன நாளாகும்?” என்றாள். தெரியாது என்றேன். பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டு, “சரிக்கா” என்றாள்.

ஏப்ரல் 24

புதிய பதிப்பு வெளியானது. வாழ்த்துச் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. எனக்கில்லை. முதல் கோப்பிலிருந்து தொடங்கினேன். நிரலைத் திறந்து, என்ன வர வேண்டும் என்று நானே ஒரு தாளில் எழுதி, பிறகுதான் விடைத்தாளைத் திறப்பது. 17 முடிந்தது.

ஏப்ரல் 25

23.

ஏப்ரல் 26

8. அரிசி தீர்ந்து கடைக்குப் போக வேண்டியதாயிற்று. சாயங்காலம் ஒரு கோப்புக்குப் பாதியில் தலைவலி, மூடிவிட்டேன். பாதியில் மூடியதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

ஏப்ரல் 28

41. ஓஸ்கர் இன்னும் ஒன்பது கோப்புகளில் குறிப்பு எழுதியிருக்கிறார். ஒன்றில், ‘இதை யாராவது வாசித்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்’ என்று இருந்தது. மூன்று வருடத்துக்கு முந்திய தேதி. எழுதினேன்.

ஏப்ரல் 30

36. இவர் மாடிக்கு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, இன்றைக்கு எத்தனை என்று கேட்டார். சொன்னேன். கோபப்படவில்லை.

மே 1

52.

மே 3

இன்று 37. எண்பத்தெட்டாவது கோப்பில் சந்தேகம் வந்து அதற்குத் திரும்பப் போனேன். இன்னொரு பிழை அகப்பட்டது, முதல் பிழையைவிடச் சின்னது, இதுவும் மார்ச் 9-இல் நான் ஏற்றுக்கொண்டதுதான். மாரிக்கனிக்கு முதலில் எழுதினேன், அப்புறம் மிலேனாவுக்கு.

214. எல்லாவற்றையும் பார்த்தேன்.